முழங்கால் தேய்மானம்: துளையிட்டுச் சுத்தம் செய்வதா, மூட்டையே மாற்றுவதா?

மூத்த மகள் (கேள்வி):

வணக்கம். என் அம்மாவுக்கு 64 வயது. வலது முழங்காலில் ஏழெட்டு ஆண்டுகளாக வலி இருக்கிறது. கடந்த ஓராண்டில் அது மிகவும் கூடிவிட்டது. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்து, அந்த இடத்திலேயே சிறிது நேரம் நின்று, கால் பழகிய பிறகுதான் முதல் அடியை எடுத்து வைக்கிறார். கால் உட்பக்கமாக வளைந்திருப்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது. எக்ஸ்ரேயில் உட்புற மூட்டு இடைவெளி ஏறக்குறைய இல்லை என்றும், எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உட்புற ஜவ்வு (மூட்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் பகுதி) கிழிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். ஒருவர் சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்தி, கிழிந்த ஜவ்வை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டால் சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம் என்றார். இரண்டாமவர் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்றார். மூன்றாமவர் ஸ்டெம் செல் (பிற உயிரணுக்களாக மாறக்கூடிய மூல உயிரணு) ஊசியால், எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மறுபடி வளரும் என்றார். மூவருமே படித்தவர்கள், பொறுமையாகவே பேசினார்கள். ஆனால் ஒரே முழங்காலுக்கு எப்படி மூன்று விடைகள் இருக்க முடியும் என்பது எனக்குப் புரியவில்லை. இவற்றில் எதற்கு உண்மையான ஆதாரம் இருக்கிறது? மாற்றிய மூட்டு எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

எலும்பியல் மாணவி:

வணக்கம். நான் எலும்பியல் மேற்படிப்பில் இருப்பவள். உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை என்பதால், முடிவு எதையும் சொல்லாமல், மூன்று வழிகளுக்கும் பின்னால் உள்ள ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் துளை வழிச் சிகிச்சை. தேய்ந்த முழங்காலைக் கழுவிச் சுத்தம் செய்வது ஒரு காலத்தில் மிகப் பரவலாக நடந்தது, வலி குறைந்ததாக நோயாளிகளும் சொன்னார்கள். அந்த நலம் அறுவை சிகிச்சையால் வந்ததா, சிகிச்சை நடந்தது என்ற நம்பிக்கையால் வந்ததா என்று பார்க்க அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2002இல் வெளியானது. 180 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூட்டைக் கழுவினார்கள், ஒரு குழுவுக்குத் தேய்ந்த பகுதிகளைச் சீவிச் சுத்தம் செய்தார்கள், மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறல் போட்டுத் தைத்ததோடு சரி, மூட்டுக்குள் எதுவும் செய்யவில்லை. யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கவனித்தும், சிகிச்சை பெற்ற இரு குழுக்களின் வலியும் இயக்கமும் வெறும் கீறல் பெற்றவர்களைவிட எந்தக் கட்டத்திலும் மேலாக இல்லை. பின்லாந்தில் 146 பேரிடம், தேய்மானத்தால் கிழிந்த ஜவ்வைப் பகுதியாக வெட்டும் சிகிச்சையை இதே முறையில் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அங்கும் ஓராண்டு முடிவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த கிழிசல்? அதுதான் பலரையும் குழப்பும் இடம். பொதுமக்களிடையே நடுவயது கடந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவர்களுள், வலி இருந்தவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் வலி இல்லாதவர்களில் 60 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுக் கிழிசல் இருந்தது. தேய்ந்த மூட்டில் கிழிசல் என்பது நரைத்த தலையில் வெள்ளை முடி போல. அது இருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. கிழிந்த துண்டு இடையில் சிக்கி முழங்காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால், அல்லது இளம் வயதில் விளையாட்டில் அடிபட்டுக் கிழிந்தால், அது வேறு கணக்கு. அங்கே துளை வழிச் சிகிச்சைக்கு இடம் உண்டு. நீங்கள் விவரித்த முழங்கால் அந்த வகையாக எனக்குத் தோன்றவில்லை.

மூட்டு மாற்றுச் சிகிச்சையைப் பொறுத்தவரை, டென்மார்க்கில் 100 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வை நேர்மையான ஆய்வு என்று சொல்வேன். பாதிப் பேருக்கு மூட்டை மாற்றி, அதன் பிறகு 12 வாரம் உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, கால் பாதத் தாங்கி, வலி மருந்து ஆகியவற்றைக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அறுவை இல்லாமல் அவற்றை மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டில் மூட்டு மாற்றியவர்களின் முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் கடுமையான பாதக விளைவுகள் அந்தக் குழுவில் 24, மற்றதில் 6. அறுவை இல்லாத குழுவில் இருந்த 50 பேரில் 13 பேர் மட்டுமே அந்த ஓராண்டுக்குள் மூட்டு மாற்றத்துக்குச் சென்றார்கள். ஆகவே இது சிறந்த பலன் தரும் சிகிச்சை, கூடவே உண்மையான அபாயங்களையும் கொண்ட சிகிச்சை. முறையான பயிற்சியை இதுவரை செய்யாத ஒருவர் முதலில் அதைச் செய்து பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை. அம்மா அப்படி ஏதாவது செய்திருக்கிறாரா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:

அன்பு மகளுக்கு, எனக்கு இரண்டு முழங்கால்களும் மாற்றப்பட்டவை. வலது காலுக்கு ஒன்பது ஆண்டும் இடது காலுக்கு ஏழு ஆண்டும் ஆகின்றன. ஆய்வுகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, உடம்பு சொன்னதைச் சொல்கிறேன்.

முதல் ஆறு வாரம் கடினம். அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். அறுவை முடிந்த மறுநாளே நிற்க வைத்து நடக்க விட்டார்கள். நடப்பதைவிட மடக்குவதுதான் வேதனை. பயிற்சி கொடுக்கும் பெண் கோணமானியைப் பக்கவாட்டில் வைத்து, "இன்று எழுபது" என்று சொல்லுவார். மறுநாள் எழுபத்திரண்டு. அந்த இரண்டு பாகைக்காக நான் அழுதிருக்கிறேன். ஆனால் அந்த வலி, பழைய வலி அல்ல. பழைய வலி நாளுக்கு நாள் கூடியது. இது நாளுக்கு நாள் குறைந்தது. மூன்றாவது மாதத்தில் மாடிப்படியை ஒவ்வொரு காலாக மாற்றி வைத்து இறங்கினேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகளாக ஒரே காலை முன்வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதவையும் உண்டு. தழும்பின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு இடம் இன்றுவரை மரத்துப் போயிருக்கிறது. முழங்கால் பல மாதங்கள் தொட்டால் சூடாக இருந்தது, கிருமி பிடித்துவிட்டதோ என்று பயந்து இரண்டு முறை மருத்துவரிடம் ஓடினேன். நடக்கும்போது சில நேரம் உள்ளே மெல்லிய 'டிக்' ஓசை கேட்கும். மண்டியிடுவது இன்னும் சுகமாக இல்லை. இவை தெரிந்திருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் பயந்திருக்கவும் மாட்டேன்.

இன்னொன்றையும் மனதாரச் சொல்கிறேன். நான் மிகவும் தள்ளிப்போட்டுவிட்டேன். "நடக்க முடிகிற வரை நடப்போம்" என்று இருந்ததில், வலது கால் முழுதாக நீளாமலேயே இறுகிவிட்டது. தொடைத் தசையும் மெலிந்துவிட்டது. அதை மீட்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. எல்லாருக்கும் எனக்குக் கிடைத்ததுபோல் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. என்னோடு ஒரே வாரத்தில் அறுவை செய்துகொண்ட ஒருவர் இன்னும் வலிக்கிறது என்கிறார், படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம்.

பொருளறிவியல்:

ஆசிரியை அம்மா சொன்ன கடைசிச் செய்தி முக்கியமானது. முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அதற்கான காரணம் இன்றும் ஆராயப்படுகிறது.

நான் மருத்துவன் அல்ல. செயற்கை மூட்டுக்கான பிளாஸ்டிக்கின் தேய்மானத்தைச் சோதிக்கும் பணியில் இருந்தவன். மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அதைச் சற்றுப் பின்னால் சென்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றத்தைத் தொடங்கியபோது, தொடை எலும்பின் தலை சுழலும் கிண்ணத்துக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். வழுக்கும் பொருள் என்பதால் அது சிறந்ததாகத் தோன்றியது. ஏறக்குறைய 300 நோயாளிகளுக்குப் பொருத்தியும்விட்டார். மூன்று நான்கு ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்து, உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசு வீங்கி, எலும்பு அரிக்கத் தொடங்கியது. அவற்றையெல்லாம் அவரே மறுபடி திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நிலையில் 1962இல், நெசவாலை இயந்திரங்களுக்கான பல்சக்கரங்களில் பயன்பட்ட பாலிஎத்திலீன் என்ற ஒரு பிளாஸ்டிக்கின் மாதிரியை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். அவருடைய ஆய்வகத்தில் இருந்த ஹாரி கிரேவன், அதையும் தேய்ப்பு இயந்திரத்தில் பொருத்தி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. அதற்குப் பிறகும் சார்ன்லி அவசரப்படாமல், இரண்டு பொருள்களின் மாதிரிகளையும் தன் சொந்தத் தொடையின் தோலுக்கு அடியில் வைத்து, மாதக்கணக்கில் எப்படி இருக்கின்றன என்று பார்த்தார். டெஃப்லான் இருந்த இடம் கட்டியாக வீங்கியது, பாலிஎத்திலீன் இருந்த இடம் அமைதியாக இருந்தது. இன்று உங்கள் அம்மாவுக்குப் பொருத்தவிருக்கும் மூட்டின் நடுத்தகடும் அந்தப் பாலிஎத்திலீனின் வழிவந்ததே.

பின்னர் 1990களின் இறுதியில், கதிர்வீச்சால் அதன் மூலக்கூறு இழைகளைக் குறுக்காகப் பிணைத்து மேலும் வலுப்படுத்தினார்கள். தேய்மானத்தால் வரும் எலும்பு அரிப்பு, குறிப்பாக இடுப்பு மூட்டில், அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். சுவீடன் 1975 முதலே முழங்கால் மாற்றங்களைப் பதிவேட்டில் எழுதிவருகிறது. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. அத்தகைய பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் 82 விழுக்காடு 25 ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கின்றன. ஆனால் வயதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொள்பவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் உள்ள ஆணுக்கு அது 35 விழுக்காடு வரை போகிறது. 64 வயதுப் பெண் இவற்றுக்கு இடைப்பட்டவர்.

ஸ்டெம் செல் பற்றிச் சுருக்கமாக. முழங்கால் தேய்மானம் உள்ள ஏறக்குறைய 475 பேரிடம் மூன்று வகை உயிரணு ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் எந்த வகையும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. குருத்தெலும்பு வளர்ந்ததாகவும் எம்.ஆர்.ஐ.யில் தெரியவில்லை. ஸ்பிரிஃபெர்மின் என்ற வேறொரு மருந்து, இரண்டு ஆண்டுகளில் குருத்தெலும்பின் தடிமனில் மருந்தில்லா ஊசி பெற்றவர்களைவிட 0.05 மில்லிமீட்டர் கூடுதலைத் தந்தது. ஆனால் வலியில் வேறுபாடு இல்லை. இந்த முடிவு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. வலி அடியில் உள்ள எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும் வருகிறது. ஆகவே, 'வளர்த்துவிடுகிறோம்' என்று சொல்பவரிடம், வளர்ந்தால் வலி குறையும் என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் கேளுங்கள்.

மூத்த மகள்:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆசிரியை அம்மாவின் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'டிக்' ஓசை என்ற இடத்தில், "இதையெல்லாம் சொல்ல ஓர் ஆள் வேண்டும்" என்றார். பயிற்சி எதுவும் முறையாகச் செய்ததில்லை. இரண்டு வாரம் முன்பு முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டிருக்கிறோம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். தேய்ந்த உட்புறத்தை மட்டும் மாற்றும் சிகிச்சையும் உண்டு என்கிறார்கள், அது எப்படி? என் சித்திக்கு முடக்குவாதம் உண்டு, அவருக்கும் இவை பொருந்துமா?

எலும்பியல் மாணவி:

ஊசி போட்ட செய்தி மிக முக்கியம், அறுவை மருத்துவரிடம் தேதியோடு சொல்லுங்கள். ஊசிக்கும் மூட்டு மாற்றத்துக்கும் இடையே பொதுவாக மூன்று மாத இடைவெளி விடுவார்கள், ஏனெனில் அதற்குள் மாற்றினால் கிருமித் தொற்றின் வாய்ப்பு கூடுகிறது. செயற்கை மூட்டில் தொற்று ஏற்படுவது நூறில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், ஆனால் ஏற்பட்டால் மூட்டையே கழற்ற வேண்டிவரலாம்.

பகுதி மாற்றம் நல்ல வழிதான், தகுதி உள்ளவர்களுக்கு. 528 பேரிடம் முழு மாற்றத்தையும் பகுதி மாற்றத்தையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு, ஐந்தாண்டு முடிவில் இரண்டும் ஏறக்குறைய சமமான பலன் தந்ததைக் காட்டியது. நீண்ட காலக் கணக்கில் பகுதி மூட்டுக்கு மறு அறுவை வாய்ப்பு சற்றுக் கூடுதல். தேய்மானம் உட்புறத்தில் மட்டும் இருக்க வேண்டும், முழங்காலின் நடுவில் மேல், கீழ் எலும்புகளை இணைக்கும் முன் சிலுவைத் தசைநார் உறுதியாக இருக்க வேண்டும், வளைவு கையால் அழுத்தினால் நேராகும் அளவில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் அம்மாவின் காலில் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேட்கலாம்.

சித்தியின் நோய் வேறு. அங்கே உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டு உறையைத் தாக்குகிறது. மருந்தை விடாமல் எடுத்தால் பலருக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. எப்போதாவது தேவைப்பட்டால், முடக்குவாதத்துக்குப் பரவலாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. எதிர்ப்பாற்றலின் குறிப்பிட்ட பகுதியைத் தடுக்கும் உயிரியல் ஊசி மருந்துகளை ஒரு தவணை முடியும் நேரம் பார்த்து நிறுத்தி வைப்பார்கள். அதை மூட்டுவாத மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசித் தீர்மானிக்க வேண்டும், சித்தி தானாக எதையும் நிறுத்தக் கூடாது.

எப்படியும் மூன்று மாதம் கையில் இருக்கிறது. அதைப் பயிற்சிக்குக் கொடுங்கள். அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். துண்டைக் கட்டிலோடு அழுத்துவது போல முழங்காலைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடச் சொல்லுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தொடையின் முன்பக்கத்தில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், தசை இறுகுவது தெரிய வேண்டும். இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காட்டி மற்றப் பயிற்சிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாத முடிவில் அவர் நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறார் என்று இங்கே எழுதுங்கள்.