கம்பளிக்கு வீட்டிலேயே சாயம் போட்டு கோட் தைத்த அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

மகளுக்கு சிம்லாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. கோட் கடையில் வாங்கலாம்தான். ஆனால் நான் தையல்காரி, வீட்டுப் பெட்டியில் அவள் தாத்தாவின் வெள்ளைக் கம்பளிப் போர்வை ஒன்று சும்மா கிடந்தது. அதற்கு அடர்நீலச் சாயம் ஏற்றி நானே தைத்துக் கொடுத்தேன். நம் ராமநாதபுரக் கடற்கரைப் பக்கத்தில் கம்பளியோடு பழக்கம் குறைவு என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அசல் கம்பளிதானா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் நாலு நூலை உருவித் தீயில் காட்டினேன். முடி கருகும் வாடை வந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. அக்ரிலிக், பாலியஸ்டர் என்றால் உருகி, ஆறியதும் கெட்டியாக உருண்டுவிடும். கம்பளிச் சாயம் அதில் ஏறாது.

பருத்திச் சேலைக்குச் சாயம் போடும்போது சோடா சேர்ப்போம். கம்பளி ஆட்டு முடி. சோடா அதை அரித்துவிடும். அதற்குப் புளிப்புதான் வேண்டும். அதனால் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் ஆசிட் சாயப்பொடியும் வினிகரும் வாங்கினேன். சலவைத்தூளும் சோடா மாதிரி காரம்தான், அதைத் தொடாமல் தலைக்குப் போடும் ஷாம்பூவில் அலசினேன்.

தண்ணீர் விஷயம் இங்கே முக்கியம். எங்கள் தெருக் கிணறு உப்பு, அதில் சாயம் திட்டுத்திட்டாக ஏறலாம். மழைத்தொட்டித் தண்ணீர் எடுத்தேன். அது இல்லாதவர்கள் காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றரைக் கிலோ கம்பளிக்கு 45 லிட்டர் தண்ணீர், 30 கிராம் சாயம், 200 மில்லி வினிகர். கம்பளி நீந்துகிற அளவுக்கு இடம் இருக்க வேண்டும். பழைய பாத்திரக் கடையில் பெரிய எவர்சில்வர் அண்டா வாங்கினேன், இனி அது சாயத்துக்கு மட்டும்தான். இரும்புச் சட்டி நிறத்தை மங்கடிக்கும். கம்பளியை வெதுவெதுப்பான நீரில் நன்றாக ஊறவைத்த பிறகே சாயத்தில் இறக்கினேன்.

அப்புறம் பொறுமைதான். கம்பளி முடியின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு திடீரென்று மாறினாலோ கசக்கினாலோ அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டு, துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். அதனால் அடுப்பை மெல்ல ஏற்றினேன். 85 டிகிரிக்கு வர ஒரு மணி நேரம், அங்கேயே முக்கால் மணி நேரம். தளதளவென்று கொதிக்க விடவில்லை, அகப்பையால் மெதுவாகப் புரட்டி மட்டும் விட்டேன். சாயம் முழுக்கக் கம்பளிக்குள் போனதும் தண்ணீர் தெளிந்துவிட்டது. பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்! ராத்திரி முழுக்க அண்டாவிலேயே ஆறவிட்டேன்.

ஈரக் கம்பளி பயங்கர கனம். கொடியில் போட்டால் இழுத்துக்கொள்ளும். இரண்டு தென்னைக்கு நடுவே பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன் மேல் நிழலில் விரித்தோம். கடல்காற்றுக்கு நன்றாகவே காய்ந்தது.

பாம்பனிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. நைலான் வலை வருவதற்கு முன்னால் பருத்தி வலைதான். அது உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க, மரப்பட்டையைக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றில் ஊறவைப்பார்களாம். நான் அதே யோசனையில் கருவேலம்பட்டைச் சாற்றில் ஒரு சின்னக் கம்பளித் துண்டைப் போட்டுப் பார்த்தேன். நல்ல பழுப்பு வந்தது. ஒரு துரு ஆணியைச் சேர்த்ததும் சாம்பல் கறுப்பாக மாறியது. கைவைக்காத உள்சட்டை ஒன்று தைக்க எண்ணம்.

கீழக்கரையிலிருந்து:

சாயவேரை யாரும் சொல்லவில்லையே? இம்பூறல் என்றும் சொல்வோம், நம் மணலில் தானாக முளைக்கும் சின்னச் செடி. சோழமண்டலக் கரைத் துணிகளின் பழைய சிவப்பு இதன் வேரிலிருந்து வந்ததுதான். அதிலுள்ள அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருளை 1869இல் ஆலையில் செய்ய ஆரம்பித்த பிறகு இந்த வேருக்கு மவுசு போய்விட்டது. எங்கள் கொல்லையில் வளர்ந்ததை எடுத்து, படிகாரத்தில் ஊறிய கம்பளி நூலில் ஏற்றினேன். செங்கல் சிவப்பு. ஆனால் வேர் நூல் மாதிரி மெல்லிசு, ஒரு முழுக் கம்பளிக்குக் கூடை கூடையாக வேண்டும். அதற்காகக் கடற்கரையைத் தோண்டாதீர்கள், தயவுசெய்து. வேர் போனால் செடியே போச்சு. கழுத்துப்பட்டைக்கோ பூவேலை நூலுக்கோ கொஞ்சம் போதும்.

மண்டபத்திலிருந்து:

கழுத்துப்பட்டைக்குச் சிவப்பு, அருமையான யோசனை தம்பி. தைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சாயம் போட்ட பிறகே வெட்டுங்கள். எத்தனை கவனித்தாலும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், தைத்த கோட்டைச் சாயத்தில் முக்கினால் பாலியஸ்டர் நூல் மட்டும் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். கம்பளியின் ஓரப் பட்டியையும் முன்னாலேயே பிரித்துவிடுங்கள். 16ஆம் நம்பர் ஊசி, நீளத் தையல், ஈரத்துணி வைத்து இஸ்திரி. துணி லேசாக இறுகியிருந்தால் வெட்டின ஓரம் அவ்வளவாகப் பிரியாது, உள்ளே தடித்த மடிப்புத் தேவையில்லை.