பிகேஷ்எஃப்எஸ் ரூட்டில் கிரப் பாக்கேஜ் பாதியில் நிற்கிறது: "அன்னோன் ஃபைல்சிஸ்டம்"

மடிவாளா_டெபியன்:
டெபியன் 13, கர்னல் 6.12, யுஇஎஃப்ஐ பூட். என்விஎம்இ டிஸ்க்கில் மூன்று பார்டிஷன்: 512 எம்பி இஎஸ்பி (யுஇஎஃப்ஐ பூட் ஃபைல்களுக்கான பார்டிஷன்), 8 ஜிபி ஸ்வாப் (ரேமுக்குத் துணையான இடம்), மீதியெல்லாம் ரூட் (சிஸ்டம் இருக்கும் பார்டிஷன்). இஎக்ஸ்டி4 என்ற வழக்கமான ஃபைல்சிஸ்டமாக இருந்த ரூட்டை பிகேஷ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல்சிஸ்டமாக ஃபார்மட் செய்து டேட்டாவைத் திரும்பப் போட்டாயிற்று. /பூட் தனியாக இல்லை, ரூட்டுக்குள்தான் இருக்கிறது. லைவ் யுஎஸ்பியில் ஏறி, சிஹெச்ரூட் செய்து (டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து) பூட்லோடரான கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்தால் "அன்னோன் ஃபைல்சிஸ்டம்" என்று நின்றுவிடுகிறது. அதன்பின் பாக்கேஜ் டூலான ஏப்டில் எதை இன்ஸ்டால் செய்தாலும் கடைசியில் இதே எரர். கிரப் பாக்கேஜ் இன்ஸ்டால் ஆனதும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட்டில் "எக்ஸிட் 0" எழுதினால் தாண்டிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

அல்சூர்_ரூட்:
தயவுசெய்து செய்யாதீர்கள். பாக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி வாயை மூடிக்கொள்ளும், மெஷின் பூட் ஆகாது. ஸ்கிரிப்ட்டில் பிழை இல்லை. பூட் ஆகும் நேரத்தில் கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (ரூட்டை மவுண்ட் செய்ய உதவும் சிறு தற்காலிக சிஸ்டம்) படிப்பது லினக்ஸ் அல்ல, கிரப். அதற்குத் தனி ஃபைல்சிஸ்டம் டிரைவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் பிகேஷ்எஃப்எஸ் இல்லை. ஃபைல்சிஸ்டத்தைக் கண்டறியும் கிரப்-ப்ரோபை /பூட் மேல் ஓட்டி ஃபைல்சிஸ்டம் பெயரைக் கேட்டுப் பாருங்கள், இதே எரர் வரும். சரியாக இருந்தால் "இஎக்ஸ்டி2" என்று காட்டும். இஎக்ஸ்டி4-க்கும் கிரப் அந்தப் பெயரைத்தான் சொல்லும், குழம்ப வேண்டாம்.

ரூட் பிகேஷ்எஃப்எஸ்ஸாகவே இருக்கட்டும். /பூட்டை மட்டும் வெளியே எடுங்கள். இடம் ஸ்வாப்பில் இருக்கிறது: அந்த 8 ஜிபியை அழித்து 1 ஜிபி, 7 ஜிபி என்று பிரியுங்கள். 1 ஜிபியை இஎக்ஸ்டி4 ஆக்கி, தற்காலிகமாக வேறு இடத்தில் மவுண்ட் செய்து, பழைய /பூட்டில் இருப்பதை "சிபி -ஏ" கொண்டு நகலெடுங்கள். பிறகு அதை /பூட்டிலும் இஎஸ்பியை /பூட்/இஎஃப்ஐயிலும் மவுண்ட் செய்யுங்கள். இந்த வரிசை மாறினால் இஎஸ்பி மறைந்துவிடும்.

புதிய ஸ்வாப்பின் யுயுஐடி (அடையாள எண்) மாறியிருக்கும். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழையது இருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் ரெஸ்யூம் ஃபைலையும் (ஹைபர்னேட்டிலிருந்து மீள எந்த ஸ்வாப் என்று சொல்வது) மாற்றுங்கள்; ஹைபர்னேட் வேண்டாம் என்றால் "ரெஸ்யூம்=நன்".

இன்னொன்று: கிரப்பால் ரூட்டின் யுயுஐடியைப் படிக்க முடியாததால் கான்ஃபிக்கில் டிவைஸ் பெயரை அப்படியே எழுதும். நாளை இன்னொரு டிஸ்க் செருகினால் அந்தப் பெயர் மாறலாம். ஆகவே /இடிசி/டிஃபால்ட்/கிரப்பில் கர்னல் கமாண்ட்லைன் வரியில் ரூட்டின் பார்ட்யுயுஐடியை (பார்டிஷனின் அடையாள எண்) "ரூட்=" என்று சேருங்கள். அந்த "ரூட்=" இரண்டு முறை வந்தால் இனிட்ராம்எஃப்எஸ் கடைசியில் வருவதையே எடுக்கும்.

பின்பு இனிட்ராம்எஃப்எஸ்ஸை அப்டேட் செய்து, "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" ஓட்டுங்கள். தொங்கிக் கொண்டிருக்கும் கர்னல் பாக்கேஜ்களும் இதோடு சரியாகும். அவையும் முடிவில் கிரப் கான்ஃபிக்கைத்தான் எழுதப் பார்க்கின்றன. ரீபூட்டுக்கு முன் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பிகேஷ்எஃப்எஸ் மாட்யூல் இருக்கிறதா என்று எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொண்டு பாருங்கள். பிகேஷ்எஃப்எஸ் டூல்ஸை சோர்ஸிலிருந்து போட்டிருந்தால் இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

ஜெயநகர்_ஷெல்:
மேலே சொன்னதில் ஒரு பொறி உண்டு. உங்கள் டெபியன் 13-இல் கிரப் 2.12 என்பதால் தப்பித்தீர்கள். ஆனால் கிரப் 2.06 உள்ள பழைய சிஸ்டத்துக்கு, புதிய லைவ் யுஎஸ்பியில் இஎக்ஸ்டி4 ஃபார்மட் செய்தால் அதே "அன்னோன் ஃபைல்சிஸ்டம்" வரலாம். இஎக்ஸ்டி4-க்கான டூல்ஸான இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47.0 முதல் மெட்டாடேட்டா_சிசம்_சீட் என்ற ஃபீச்சர் தானாகவே ஆன் ஆகிறது, 2.06-இன் மூலப் பதிப்பு அதை ஏற்காது. டம்ப்இ2எஃப்எஸ்ஸில் ஃபீச்சர் வரியைப் பாருங்கள். இருந்தால் அன்மவுண்ட் செய்துவிட்டு டியூன்2எஃப்எஸ்ஸில் அதன் பெயருக்கு முன் ^ போட்டு அணைக்கலாம், ஃபார்மட் தேவையில்லை. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் இதேபோல் என்ஆர்இஎக்ஸ்டி64 என்ற ஃபீச்சர் இருக்கிறது. அதைப் பின்னால் அணைக்க வழியில்லை, மறு ஃபார்மட்தான்.

மடிவாளா_டெபியன்:
/பூட் பிரித்தபின் பாக்கேஜ் சிக்கலின்றி முடிந்தது, பூட்டும் ஆகிறது. நன்றி அண்ணா. அடுத்து இரண்டாவது எஸ்எஸ்டியை இதே பிகேஷ்எஃப்எஸ்ஸில் சேர்க்க நினைக்கிறேன். கிரப் தாங்குமா?

அல்சூர்_ரூட்:
தாங்காது. இரண்டு டிஸ்க் ஆனதும் மவுண்ட் பட்டியலில் டிவைஸ் பெயர் இரண்டும் நடுவே முக்காற்புள்ளியோடு ஒட்டி வரும். கிரப்-ப்ரோப் அதை ஒரே பாதையாக எண்ணித் தேடித் தோற்கும், கிரப் கான்ஃபிக்கை எழுதும் அப்டேட்-கிரப் அங்கேயே நிற்கும். /பூட் தனியாக இருந்தும் பலனில்லை. அந்த நிலையில் சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட்லோடருக்கு மாறுங்கள். அது இஎஸ்பியில் உள்ள கர்னலை மட்டும் படிப்பதால் ரூட் எதுவானாலும் கவலையில்லை. உங்கள் 512 எம்பியில் இரண்டு மூன்று கர்னலுக்கு மேல் தாங்காது. பழையதை நீக்கிக்கொண்டே வாருங்கள். இஎஸ்பி ஃபேட் ஃபைல்சிஸ்டம் என்பதால் ஜர்னல் (கரண்ட் போனால் மீட்க உதவும் பதிவு) கிடையாது. டெஸ்க்டாப் என்றால் கர்னல் அப்டேட்டை யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள், மழைக்காலத்தில் நம் ஊர் கரண்ட்டை நம்ப முடியாது.

டெபியன் 13-இன் 6.12 கர்னலிலேயே இருங்கள். 6.18-இலிருந்து பிகேஷ்எஃப்எஸ் கர்னல் மூலத்தில் இல்லை, டிகேஎம்எஸ் (கர்னலுக்கேற்ப மாட்யூலை பில்ட் செய்யும் டூல்) வழியாகத்தான் மாட்யூல் போட வேண்டும். பேக்போர்ட்ஸிலிருந்து (புதிய பதிப்புகள் தரும் டெபியன் தொகுப்பு) புதிய கர்னல் எடுப்பதானால் முதலில் அந்த மாட்யூல் பில்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஓடும் பழைய கர்னலை அதுவரை அழிக்காதீர்கள்.