மண் ஆட்டோகிராஸுக்கும் தனுஷ்கோடி ரோட்டுக்கும் ஒரே செட் வீல் போதுமா?

தங்கச்சிமடம் ஸ்விஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2014 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். கம்பெனியில் இருந்து வந்த 14 இன்ச் இரும்பு டிஸ்க் (இரும்பு வீல்), 165/80 டயர்தான் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம்) இன்னும் ஓடுகிறது. வாரநாளில் வண்டி வாசலில் நிற்கும். சனி, ஞாயிறு அரிச்சல்முனை வரை ஒரு ஓட்டம், இல்லையென்றால் ஈசிஆரில் தொண்டி வரை. இது போக, கோவைப் பக்கம் மண் தரையில் நடக்கும் ஆட்டோகிராஸில் (குறுகிய தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) இந்த வருஷம் ஒழுங்காகக் கலந்துகொள்ளப் போகிறேன். டயரோடு சேர்த்து எழுபதாயிரம் வரை செலவு செய்யலாம்.

மனசில் மூன்று யோசனை. 17 இன்ச் அலாய், 205/45 டயர். அல்லது 15 இன்ச் ஃப்ளோ ஃபார்ம்டு (வார்த்த பிறகு ரிம்மை உருட்டி அழுத்தி மெலிதாக்கின) அலாய், 195 டயர். இல்லையென்றால் மண்ணுக்குப் பழைய 14 இன்ச் டிஸ்க்கை வைத்துக்கொண்டு, ரோட்டுக்கு மட்டும் தனியாக ஒரு அலாய் செட். வண்டி நிற்பது தீவில், கடல்காத்து நேராக அடிக்கும் இடத்தில். அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

கீழக்கரை டு துபாய்

தம்பி, யோசிக்கவே வேண்டாம், 17 போடுங்கள். 205/45-இல் மொத்த உயரம் 616 மி.மீ. உங்கள் பழைய டயர் 620-ஐ ஒட்டி வரும். ஸ்பீடோமீட்டர் மாறாது, கியர் மாறாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ.யில் இருந்து 92-க்கு இறங்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பின உடனே வண்டி திரும்பும். இங்கே துபாயில் கூம்பு வைத்து தார்த்தரையில் ஓட்டும்போது அந்தக் குட்டைச் சுவரோட அருமை தெரியும். 165 டயர் வளைவில் உருண்டு மடங்கும், எவ்வளவு பழகினாலும் அந்த மடக்கத்தைத் தாண்டி வேகம் எடுக்க முடியாது.

கோவை மண்தடம்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வது தார்த்தரைக்குச் சரி. தம்பி ஓட்டப்போவது மண்ணில். அங்கே கணக்கே தலைகீழ். உலக ராலியில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்: தார் ரோட்டுக்கு 18 இன்ச், மண்ணுக்கு 15 இன்ச். காசில்லாமல் சின்ன வீல் போடுகிறவர்கள் இல்லை அவர்கள். மண்ணில் புதைந்த கல்லும் பள்ளத்தின் விளிம்பும் முதலில் அடிப்பது டயரின் சுவரைத்தான். அங்கே உயரம் இருந்தால் டயர் வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் ரிம் வாங்கும்.

அப்புறம் எடை. சாதாரண வார்ப்பு அலாய் 17 இன்ச்சில் ஒன்பது, பத்து கிலோ வரும். எடை நடுவில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு எஞ்சினைத் தின்னும். ரிம்மின் விளிம்பில் ஒரு கிலோ கூடினால், வேகம் எடுக்கும்போது வண்டிக்குள் ஒன்றரைக் கிலோ ஏற்றின மாதிரி. ஆட்டோகிராஸ் முழுக்க இரண்டாம் கியரில் பிடித்து விடுவது, பிடித்து விடுவது. 1.2 லிட்டர் எஞ்சினுக்கு இது ரொம்பவே உறைக்கும்.

ஜப்பானின் ‘ரேஸ்’ (RAYS) என்ற வீல் கம்பெனியின் டிஇ37 வீலுக்கு அந்தப் பெயர் வந்ததே 15 இன்ச், 6ஜே (ரிம் அகலம் ஆறு இன்ச்) அளவில் 3.7 கிலோ எடைக்காகத்தான். 1996-இல் வந்தது, இன்றைக்கும் அதைத்தான் எல்லாரும் நகல் எடுக்கிறார்கள். அந்த நகலை வாங்கிவிடாதீர்கள். ஆறு கம்பி அதே அழகில் இருக்கும், உள்ளே உலோகம் வேறு. ஜேடபிள்யூஎல் (ஜப்பானின் அலாய் வீல் தரம்) முத்திரையை வார்ப்பில் யார் வேண்டுமானாலும் பதிக்கலாம். கூடவே விஐஏ (தனியாகச் சோதித்துப் பதிவு செய்யும் ஜப்பானிய அமைப்பு) முத்திரையும் இருக்கிறதா, விற்கிறவர் சோதனைத் தாள் காட்டுகிறாரா என்று பாருங்கள்.

என் ஓட்டு 15 இன்ச் ஃப்ளோ ஃபார்ம்டு. ஒரே செட், இரண்டு வேலைக்கும்.

உச்சிப்புளி பட்டறை

இரண்டு பேரும் ரேஸ் பேசுகிறீர்கள், ஊரை விட்டுவிட்டீர்கள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் வண்டிகள் என் பட்டறைக்கு வருகின்றன. அலாய் வீலைக் கழற்ற நட்டு நான்கையும் எடுத்த பிறகும் வீல் அசையாது. ஹப் (வீல் மாட்டும் நடுப்பகுதி) இரும்பு, வீல் அலுமினியம், நடுவில் உப்பு ஈரம். இரண்டும் ஒட்டிப் பிடித்து, வெள்ளை மாவு பூத்துக் கிடக்கும். பின்பக்கம் மரக்கட்டை வைத்து நான்கு பக்கமும் மாறி மாறித் தட்டித்தான் எடுக்க வேண்டும். ரிம்மில் டயர் உட்காரும் வாய்ப்பகுதியிலும் அதே மாவு. டயரில் ஆணி இருக்காது, ஆனால் வாரம் தவறாமல் காற்று இறங்கும். பஞ்சர் கடையில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு இங்கே வருவார்கள்.

முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கின அலாய் வாங்கினால் ஒரு வருஷம்தான் அழகு. அதன் மேல் இருப்பது மெல்லிய கண்ணாடிப் பூச்சு. ஒரு பொடிக்கல் பட்டு அது விட்டதும் உப்பு உள்ளே போய், புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடும். பிறகு அதைக் கடைந்து எடுக்க ஆள் தேடி மதுரைக்குப் போக வேண்டும்.

இரும்பு டிஸ்க்கும் துருப்பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்தால் திரும்பப் புதுசு. வளைந்தால் நிமிர்த்தலாம், அலாய் போல விரிசல் விடாது. மண்ணுக்கு 14 இன்ச் டிஸ்க், அதுவே போதும்.

கீழக்கரை டு துபாய்

அண்ணே, பராமரிப்பு இருந்தால் எந்த வீலும் நிற்கும். கடற்கரைக்குப் போய் வந்ததும் கழுவிவிட்டால் உப்பு எங்கே இருக்கும்? வளைகுடாவிலும் கடல்தான், வெயில் இதைவிட அதிகம். ஆறு வருஷமாக என் வண்டியில் அதே அலாய்.

உச்சிப்புளி பட்டறை

எந்தத் தண்ணீரில் கழுவுவது காக்கா? தீவில் போர் போட்டால் பல வீட்டில் வருவதே உப்புத் தண்ணீர். வாளித் தண்ணீரைக் கறுப்பு டிஸ்க்கில் ஊற்றி வெயிலில் காயவிட்டுப் பாருங்கள், காய்ந்ததும் வட்டம் வட்டமாக வெள்ளைக் கறை நிற்கும். அந்தத் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டால் கழுவாமல் விடுவதே மேல். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வைத்து, கடைசியில் அதை வீலில் ஊற்றித் துணியால் துடைக்க வேண்டும். குடிக்கவே பிடித்து வைக்கிற தண்ணீர் அது. எத்தனை வாரம் செய்வீர்கள்?

இன்னொன்று, முள். தொண்டிப் பக்கம் ஓட்டுகிறேன் என்கிறார். ரோட்டோரம் முழுக்க சீமைக்கருவேலம். வெட்டிக் குவித்த விறகு வண்டியில் இருந்து விழுந்த கிளை தாரிலேயே கிடக்கும். ஓடும் பரப்பில் முள் ஏறினால் ஒட்டலாம். பக்கச்சுவரில் ஏறினால் டயரே போச்சு. 205/45 டயர் இந்த ஊர் பஞ்சர் கடையில் உடனே கிடைக்குமா? 165/80 என்றால் ராமநாதபுரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கோவை மண்தடம்

முள் விஷயத்தில் அண்ணன் சொல்வதை முழுசாக ஏற்கிறேன், 17 வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். ஆனால் 14 இன்ச் டிஸ்க்கோடு நின்றுவிடுங்கள் என்பதை ஏற்க முடியாது. அது 5ஜே அகலம்தான். 165 டயர் இளகின மண்ணைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும், அந்த வகையில் நல்லது. காய்ந்து இறுகின தடத்தில், மதியத்துக்கு மேல் மேல்மண் எல்லாம் ஒதுங்கின பிறகு, அதே டயர் வழுக்கிக்கொண்டே போகும். நாள் முழுக்கத் தடம் ஒரே மாதிரி இருக்காது.

அளவு சொல்கிறேன் தம்பி. 6ஜே × 15, இ.டி. (வீலின் நடுக்கோட்டில் இருந்து ஹப்பில் உட்காரும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் மி.மீ.) 42-இல் இருந்து 45-க்குள். டயர் 195/60. உயரம் 615 மி.மீ., பக்கச்சுவர் 117. பழைய உயரமே கிட்டத்தட்ட, உங்கள் 14 இன்ச் ஸ்டெப்னியையும் அவசரத்துக்குப் போடலாம். 195/55 போடச் சொல்கிறவர்களும் உண்டு. உயரம் 596-க்கு இறங்கும், கியர் நாலு சதவீதம் குட்டையாகும், கிளம்பும்போது சுறுசுறுப்பு தெரியும். ஆனால் தரை இடைவெளியில் 12 மி.மீ. போய்விடும். மண்ணில் அந்த 12 எனக்கு வேண்டும்.

6.5ஜே, இ.டி. 40 என்று கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார், சரக்கு அதில்தான் அதிகம். பழைய வீல் 5ஜே, இ.டி. 45 என்று வைத்துக்கொண்டால் வெளிப்பக்கம் 24 மி.மீ. தள்ளும், உள்பக்கம் 14. முழு ஸ்டியரிங் ஒடித்துக் குழியில் இறங்கும்போது மட்கார்டில் உரசும், பேரிங்குக்கும் வேலை கூடும். மண் முழுக்க கதவில் அடிக்கும்.

கீழக்கரை டு துபாய்

சரி, மண்ணுக்கு 17 வேண்டாம், விட்டுவிட்டேன். ஆனால் ஒரு பேச்சில் நான் இறங்க மாட்டேன். காசை வீலில் கொட்டாதீர்கள், டயரில் போடுங்கள். தரையைத் தொடுவது டயர் மட்டும்தான். எம்ஆர்எஃப், ஜேகே இரண்டுமே ராலி டயர் செய்கின்றன. மண்ணுக்கு அந்த மாதிரி கட்டைப் பூ டயர் நான்கு வாங்கினால், வீலில் இரண்டு கிலோ குறைத்ததைவிட அதிக நேரம் மிச்சம். ராலி டயரைப் போட்டுக்கொண்டு அரிச்சல்முனைக்கு ஓட்ட முடியாது, சத்தமும் தேய்மானமும் தாங்காது. அப்போது இரண்டு செட் தேவைதானே?

உச்சிப்புளி பட்டறை

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கோவை மண்தடம்

இரண்டு செட் என்றால் போட்டிக்கு எப்படிக் கொண்டுபோவார்? தங்கச்சிமடத்தில் இருந்து கோவைக்கு ஸ்விஃப்டில், பின்சீட்டை மடித்து நான்கு வீல், ஜாக்கி, ஹெல்மெட். முடியும், கஷ்டம். அதுவுமில்லாமல், எந்தப் பிரிவில் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்து ராலி டயரையே அனுமதிக்காமல் இருக்கலாம். டயர், வீல் இரண்டுக்கும் போட்டிக்குப் போட்டி விதி மாறும். நடத்துகிறவர்கள் வெளியிடும் விதிக்குறிப்பைப் படித்த பிறகுதான் ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டும்.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. கம்பெனி குறிப்பிட்ட அமைப்பை மீறி மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதே வண்டியின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே 15 இன்ச், 185/65 கொடுத்தது. அந்த அளவை ஒட்டி நின்றால் சோதனையிலும் இன்சூரன்ஸிலும் பேச நமக்கு இடம் இருக்கும். 17 போட்டு மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் இருக்காது.

தங்கச்சிமடம் ஸ்விஃப்ட்

ரொம்ப நன்றி அண்ணன்களுக்கு. 17-ஐ விட்டுவிட்டேன். முதல் சீசன் ஒரே செட், 15 இன்ச் 6ஜே, 195/60 சாதாரண ரோட்டு டயர். 14 இன்ச் டிஸ்க் நான்கையும் விற்காமல் பெயிண்ட் அடித்து வைத்துக்கொள்கிறேன், ராலி டயர் அனுமதிக்கும் பிரிவில் ஓட்டினால் அதில் மாட்டலாம். கடையில் ஒரு வீல் பார்த்தேன், முழுசாகக் கரும்சாம்பல் பெயிண்ட், முகம் கடையாதது. எட்டு துளை, நடுத்துளை 73.1 மி.மீ. ஸ்விஃப்டுக்கு 54.1 என்பதால் இடைவெளியை அடைக்க வளையம் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று கேட்கிறார்.

உச்சிப்புளி பட்டறை

பிளாஸ்டிக். அலுமினிய வளையம் இந்த உப்பில் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும், உளி வைத்துப் பிளந்து எடுத்திருக்கிறேன். எட்டு துளை வேண்டாம். காலியாக இருக்கும் நான்கு துளையிலும் மண்ணும் உப்பும் அடைந்துகொள்ளும், பெயிண்ட் முதலில் அங்கேதான் விடும். மாட்டும்போது ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, காப்பர் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். நட்டு மரையில் தடவாதீர்கள், முறுக்கு அளவு தப்பிவிடும். பேலன்சிங் ஈயம் ஒட்டுகிற வகை மட்டும். விளிம்பில் அடித்து மாட்டுகிற கிளிப் பூச்சைக் கீறிவிடும்.

கோவை மண்தடம்

பிளாஸ்டிக் வளையம் ஆட்டோகிராஸ் பிரேக் சூட்டில் இளகி நெளியும், நான் பார்த்திருக்கிறேன். அலுமினியம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் வைப்பதுதான் சரி. அதைவிட நல்லது, நான்கு துளை, 4-க்கு 100 (நான்கும் 100 மி.மீ. வட்டத்தில்), நடுத்துளை 54.1-ஆகவே வரும் வீலைத் தேடுங்கள். கிடைக்கும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அப்படி வாங்கினால் இந்த வளையப் பேச்சே இல்லை.

நட்டையும் கவனிங்க. சுசூகி மரை 12-க்கு 1.25 (12 மி.மீ. ஸ்டட், மரை இடைவெளி 1.25 மி.மீ.). கடையில் அலாயோடு கொடுப்பது பெரும்பாலும் 12-க்கு 1.5, ஹூண்டாய், ஹோண்டாவுக்கு உள்ளது. முதல் இரண்டு சுற்று ஏறுகிற மாதிரி ஏறிவிட்டு ஸ்டட்டைக் கெடுத்துவிடும். கையால் கடைசி வரை திருகிப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை வைக்கவிட வேண்டும். மாட்டி ஒரு நூறு கிலோமீட்டர் ஓடினதும் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப ஒருமுறை பாருங்கள்.

தங்கச்சிமடம் ஸ்விஃப்ட்

54.1-ஐயே தேடுகிறேன் அண்ணே. கிடைக்கிற வரைக்கும் டிஸ்க்கைத் தேய்க்கிற வேலையை ஆரம்பிக்கிறேன். உச்சிப்புளி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருக்குமா?

உச்சிப்புளி பட்டறை

மதியம் வரை இருப்பேன், வாங்க தம்பி. பிரைமரை நீங்கள் வாங்க வேண்டாம், இங்கே இருக்கிறது.