புதுப்பிப்பு: குளியலறைக் கசிவு நின்றது, கதவுதான் பாக்கி

தாத்தா கட்டிய வீட்டின் குளியலறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது, நானே பிரித்துப் பார்க்கிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பிரித்தாகிவிட்டது. நான் சந்தேகப்பட்ட டைல்ஸ் பாவம், குற்றவாளி சுவருக்குள் இருந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் எல்போ, அதாவது குழாய் திரும்பும் இடத்து வளைவுத் துண்டு. விரலால் அழுத்தினால் துரு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மொத்தக் குழாயையும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றினேன். தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட். அப்புறம் கசிகிறதா என்று பார்க்க, தண்ணீர் வெளியேறும் தரைத் துளையான நஹானி டிராப்பை அடைத்து, சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கினேன். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவே இல்லை!

தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவு, அந்த வாட்டம்தான் சொதப்பிவிட்டது. டைல்ஸ் ஒட்டிய பிறகு பார்த்தால் மூலையில் குட்டை. நான்கு டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டினேன். கதவு இன்னும் மாட்டவில்லை. இப்போதைக்கு அம்மாவின் பழைய புடவைதான் திரை.