அப்டேட்: வால்வு மாத்துன பிறகு அப்பா தொடை இடுக்குல வந்த வீக்கம், சரியாயிடுச்சு

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு 79 வயசு, தொடை தமனி வழியா டாவி (நெஞ்சைத் திறக்காம குழாய் வழியா இதய வால்வு மாத்துறது) பண்ணி நாலாம் நாள் அந்த எடத்துல எலுமிச்சம்பழம் சைஸ்ல வீக்கம், வெறும் ரத்தக்கட்டுதானான்னு கேட்டிருந்தேன்.

"விரல் வெச்சுப் பாருங்க, துடிச்சா உடனே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டுற ஸ்கேன்) கேளுங்க"ன்னு நர்ஸ் அக்கா ஒருத்தங்க எழுதுனதுதான் காப்பாத்துச்சு. வெச்சேன், நாடி மாதிரியே துடிச்சுது, அன்னைக்கே கூட்டிட்டுப் போனோம். ஸ்கேன்ல சூடோஅனியூரிசம்னு (தமனியில இருந்து ரத்தம் கசிஞ்சு உண்டாகுற பை) தெரிஞ்சுது. வால்வு போன குழாய் 14 பிரெஞ்ச் (குழாய் சைஸ் சொல்ற அளவு), அதாவது உள்விட்டமே கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், அந்தக் குழாய் போடுறதுக்கு முன்னாடியே தமனியில ரெண்டு தையல் போட்டு வெச்சு, ஓட்டைய மூட கடைசியில இறுக்குவாங்களாம், அதுல எங்கயோ கசிஞ்சு தமனிக்கு வெளிய பை மாதிரி ரத்தம் சுத்திட்டு இருந்திருக்கு.

மறுபடி ஆபரேஷன் பண்ணல. ஸ்கேன் பாத்துக்கிட்டே அந்தப் பைக்குள்ள த்ராம்பின் (ரத்தத்தை உறைய வெக்கிற மருந்து) ஊசி போட்டாங்க, சில செகண்டுல ஸ்கிரீன்ல ரத்த ஓட்டத்தைக் காட்டி சுழன்டுட்டு இருந்த சிவப்பும் நீலமும் அப்படியே நின்னுடுச்சு, அப்பா கைய புடிச்சுக்கிட்டு நானும் பாத்தேன். மறுநாள் ஸ்கேன்லயும் ஓட்டம் இல்ல.

எதிர்பாக்காத ஒண்ணு, ஊதா கறை முட்டி வரைக்கும் எறங்குச்சு, பயந்துட்டேன், பழைய ரத்தம் கீழ எறங்குறதுதான், வீக்கம் பெருசாகாம துடிக்காம இருந்தா சரின்னாங்க. மூணு வாரத்துல மறைஞ்சுடுச்சு, இப்போ தெரு முனை வரைக்கும் தனியா நடக்குறாரு.