சித்தப்பாவின் 40 சதவீத அடைப்பு

வாட்ஸ்அப் குழு: நம் வீட்டார்
ஞாயிறு

பெரியப்பா (காலை 6:52)
பலமுறை பகிரப்பட்டது
"ஒரு டாக்டர் சொன்னது: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால்? பதற வேண்டாம்! ஆழமாக மூச்சை இழுத்துப் பலமாக இருமிக்கொண்டே இருங்கள். இருமல் இதயத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைச் சீராக்கும். பத்துப் பேருக்கு அனுப்பி ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்!"

அத்தை (6:58)
நல்ல தகவல் அண்ணா. எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

கண்ணன் சித்தப்பா (7:03)
எனக்காகவே போட்ட மாதிரி இருக்கிறது 🙏

நளினி அக்கா (7:20)
அப்பா, அதை எடுத்துவிடுங்கள். அத்தை, யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களிடமும் நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா (7:21)
ஏம்மா? ஒரு டாக்டர் சொன்னது என்று போட்டிருக்கிறதே.

நளினி அக்கா (7:26)
எந்த டாக்டர் என்று போட்டிருக்கிறதா? மாரடைப்பு என்றால் இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. இருமினால் அந்த உறைவு கரையாது, நகராது. பெரும்பாலும் ஆள் நினைவோடு இருப்பார், இதயமும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆம்புலன்சை அழைத்திருக்கலாம்.

நளினி அக்கா (7:29)
இதயம் திடீரென்று நின்றுபோவது வேறு. அது கார்டியாக் அரெஸ்ட். துடிப்பை நடத்தும் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் அழுத்தித் தள்ளாமல் வெறுமனே நடுங்கும். சில விநாடிகளில் நினைவு போய்விடும். நினைவில்லாதவர் எப்படி இருமுவார்? மாரடைப்பு முற்றி இந்த நிலைக்குப் போகலாம், அதனால்தான் இரண்டையும் எல்லாரும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

தீபன் (7:31)
அப்படியென்றால் இருமல் கதை எங்கிருந்துதான் வந்தது அக்கா?

நளினி அக்கா (7:34)
முழுக்கக் கட்டுக்கதை இல்லை. ரத்தக்குழாயில் சாயம் செலுத்திப் படம் பார்ப்பார்களே, அந்த ஆஞ்சியோ செய்யும் அறையில், திரையில் துடிப்பு தாறுமாறாகத் தெரிந்த அந்த நொடியே நோயாளியை இருமச் சொன்னால் சிறிது நேரம் நினைவு தங்குகிறது என்று 1976-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மருத்துவர், ஷாக் கருவி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதைத் தூக்கித் தனியாக இருப்பவருக்குச் சொன்னால் என்ன ஆவது?

பெரியப்பா (7:36)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா (7:36)
எடுத்துவிட்டேன். திருப்தியா?

கண்ணன் சித்தப்பா (7:50)
நளினி, பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் ஒரு குழாயில் 40 சதவீத அடைப்பு என்று இருக்கிறது. மாத்திரை போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒருவர், "நூறு ஆகும்வரை காத்திருக்கப் போகிறாயா, இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடு" என்கிறார். குழாயை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாயாம் அது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

மீனா சித்தி (7:51)
தூக்கம் இல்லாதது எனக்கும்தான். இரவெல்லாம் 40, 50, 60 என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நளினி அக்கா (7:55)
நான் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தின் படம் எடுப்பவள், மருத்துவர் இல்லை. சிகிச்சையை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று மட்டும் சொல்கிறேன்.

தீபன் (7:56)
அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். இதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம் நிறைந்துதானே இருக்கிறது? அப்புறம் ஏன் வெளியே உள்ள ஒரு சின்னக் குழாய் அடைத்தால் தசை சாகிறது?

நளினி அக்கா (8:02)
நல்ல கேள்வி. உள்ளே இருக்கும் ரத்தம் சுவரின் உள்பக்கத்து மெல்லிய அடுக்குக்கு மட்டும்தான் பயன்படும். தசை தடிமனானது, அது வரை ஆக்சிஜன் ஊறிப் போகாது. அதனால் இதயம் தன் பங்கைத் தனிக் குழாய்களில்தான் பெறுகிறது. மகாதமனி இடது கீழறையிலிருந்து புறப்படுகிறதல்லவா, அந்த வால்வுக்குச் சற்று மேலே இரண்டு கரோனரி தமனிகள் கிளம்பி இதயத்தின் மேற்பரப்பில் படர்கின்றன. உடம்பிலேயே முதல் பந்தி இதயத்துக்குத்தான்.

நளினி அக்கா (8:06)
இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களையும் சேர்த்து நசுக்குகிறது. அதனால் இடது கீழறைத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் இதயம் தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு வேகமாகும்போது சுருங்கும் நேரத்தைவிட இந்தத் தளரும் நேரம்தான் அதிகம் குறையும். வேலை கூடுகிறது, ஆகாரம் கிடைக்கும் நேரம் குறைகிறது. போதாததற்கு, மற்றத் தசைகள் ஓய்வில் இருக்கும்போது வந்த ஆக்சிஜனில் சுமார் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. இதயத் தசை எப்போதுமே 70 சதவீதம் போல எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. குழாய் குறுகியவருக்கு அது முடியாது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கம், நின்றால் சரியாகிவிடும் என்கிறார்களே, அது இதுதான்.

தீபன் (8:09)
எங்கள் பாடத்தில் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று வருகிறது. உடம்பில் உள்ள மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதானே?

நளினி அக்கா (8:12)
ஆமாம். ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, பெருக்கிப் பார். வலது பக்கம் நுரையீரலுக்கு, இடது பக்கம் உடம்புக்கு, இரண்டும் ஒரே அளவு. வில்லியம் ஹார்வி 1628-இல் இந்த மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவினார். அதுவரை சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புது ரத்தம் செய்துகொண்டே இருக்கிறது என்று நம்பினார்கள். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடம்பில் உள்ளதைவிட அதிகம், அவ்வளவையும் எந்தச் சாப்பாடு தரும் என்று கேட்டார் மனிதர். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை மட்டும் அவர் பார்க்கவில்லை. 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் பார்த்தபோது ஹார்வி உயிரோடு இல்லை.

கண்ணன் சித்தப்பா (8:14)
ஹார்வி இருக்கட்டும் அம்மா. என் 40?

நளினி அக்கா (8:14)
😂 வருகிறேன் சித்தப்பா

கண்ணன் சித்தப்பா (8:15)
குழாயில் பாசி படிந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடுவது மாதிரிதானே? இன்றைக்கு 40, அடுத்த வருடம் 60, அப்புறம் 100.

நளினி அக்கா (8:23)
அப்படி இல்லை, பயமே இந்த நினைப்பிலிருந்துதான் வருகிறது. கொழுப்பு குழாயின் உட்பரப்பின் மேல் படிவதில்லை, சுவருக்குள் சேர்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை இவற்றால் உள்சவ்வு பழுதாகும்போது எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு அதற்கு அடியில் நுழைந்து தங்குகிறது. வெள்ளணுக்கள் அதை விழுங்கி விழுங்கி உப்பி அங்கேயே மடிகின்றன. அதன்மேல் ஒரு நார் மூடி வளர்கிறது. குழாய் முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுப்பதால் பல வருடம் ஒன்றுமே தெரியாது.

நளினி அக்கா (8:27)
மாரடைப்பு பெரும்பாலும் வருவது அந்த மூடி கிழியும்போது. உள்ளே இருப்பது ரத்தத்தில் பட்டவுடன் தட்டணுக்கள் காயம் என்று நினைத்து வந்து ஒட்டுகின்றன, நிமிடங்களில் ரத்தம் உறைகிறது. 40 இருந்த இடம் அன்றைக்கே 100 ஆகலாம். 80 இருந்தும் மூடி தடித்துக் கெட்டியாக இருந்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கலாம். அதனால்தான் ட்ரெட்மில் சோதனையில் தேறியவருக்கும் மறுமாதம் மாரடைப்பு வருவதுண்டு. அந்தச் சோதனை ஓட்டம் குறைகிறதா என்றுதான் பார்க்கும், எந்த மூடி மெலிந்திருக்கிறது என்று சொல்லாது.

அத்தை (8:29)
இதைக் கேட்டால் இன்னும் பயமாக இருக்கிறதே!

மீனா சித்தி (8:30)
இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே இப்போது.

நளினி அக்கா (8:36)
முழுதாகக் கேளுங்கள். ஆஞ்சியோவில் சாயம் ஓடும் வழி மட்டும்தான் தெரியும், சுவர் தெரியாது. பக்கத்தில் உள்ள பகுதியோடு ஒப்பிட்டு இந்த இடம் எவ்வளவு குறுகல் என்று சொல்வதுதான் அந்த 40. ஓட்டத்தைத் தடுக்க அது போதாது. பொதுவாக 70 வாக்கில் போனால்தான் நடக்கும்போது வலி தெரியும். ஸ்டென்ட் ஓர் இடத்தை விரித்துப் பிடிக்கும், அவ்வளவுதான். நோய் அந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லை. வைத்தபின் மாதக்கணக்கில் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிட வேண்டும், அதில் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

நளினி அக்கா (8:39)
திடீர் மாரடைப்பில் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும், அதில் பேச்சே இல்லை. ஆனால் நிலையாக இருப்பவர்களிடம் 2007-இல் வந்த கரேஜ் ஆய்வும், 5,179 பேரை வைத்து 2020-இல் வந்த இஸ்கீமியா ஆய்வும் பார்த்தது என்னவென்றால், நல்ல மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சேர்த்தாலும் மரணம் குறையவில்லை. நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு வலி குறைந்தது. இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு என்றால் கதை வேறு, உங்களுக்கு அது இல்லை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்கு உங்களைவிட அடைப்பு அதிகம்.

கண்ணன் சித்தப்பா (8:41)
மாத்திரை அடைப்பைக் கரைக்குமா?

நளினி அக்கா (8:44)
பெரிதாகக் கரைக்காது, கொஞ்சம் சுருங்கலாம். அதைவிட முக்கியம், நீங்கள் சாப்பிடும் ஸ்டாடின் மாத்திரை உள்ளே சேரும் கொழுப்பைக் குறைத்து அழற்சியைத் தணிக்கிறது, மூடி தடிக்கிறது. எண் 40 ஆகவே நிற்கலாம், கிழியும் வாய்ப்பு குறையும். அதனால் "ஒரு வருடம் சாப்பிட்டும் அடைப்பு அப்படியே இருக்கிறது" என்று நிறுத்திவிடாதீர்கள்.

மீனா சித்தி (8:46)
நளினி, சிகரெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் காதில் ஏறாது.

கண்ணன் சித்தப்பா (8:46)
குழுவில் இதெல்லாம் எதற்கு? நாளைக்கு இரண்டுதான்.

நளினி அக்கா (8:50)
இரண்டுதான் என்பதில்தான் ஏமாறுகிறோம் சித்தப்பா. ஒரு நாளைக்கு 20 பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் அதில் ஏறக்குறைய பாதி கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை. நுரையீரல் புற்றுநோய்க் கணக்கு வேறு, இதயத்தின் கணக்கு வேறு. புகை உள்சவ்வைக் கெடுக்கிறது, தட்டணுக்களை ஒட்ட வைக்கிறது, இரண்டும் சின்ன அளவிலேயே நடக்கும். முழுதாக விட்டால் ஒரு வருடத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகிறது.

மீனா சித்தி (8:51)
🙏🙏🙏 ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

அத்தை (9:10)
எனக்கு அடிக்கடி நெஞ்சில் கேஸ் பிடிக்கிறது. இதுவும் அதுதானா?

நளினி அக்கா (9:13)
பல நேரம் கேஸாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தால் வந்து நின்றால் போனாலோ, தாடை, முதுகு, கை என்று பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ கேஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் மூச்சு வாங்குவது, குமட்டல், சொல்லத் தெரியாத அசதி என்று வரலாம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. இந்த வாரமே ஒருமுறை காட்டுங்கள், நான் கூட வருகிறேன்.

அத்தை (9:14)
போன மாதம் இசிஜி எடுத்தேனே, நார்மல்.

நளினி அக்கா (9:17)
இசிஜி அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். மாரடைப்போடு வருபவருக்கே முதல் இசிஜி சரியாக இருப்பதுண்டு. அதனால்தான் சில மணி நேர இடைவெளியில் திரும்பவும் எடுக்கிறோம், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் இரண்டு முறை பார்க்கிறோம். தசை செத்துக் கசியும் புரதம் அது, ஏறச் சில மணி நேரம் ஆகும்.

பெரியப்பா (9:20)
எனக்கும் ஒன்று. ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டது என்றுதானே?

நளினி அக்கா (9:25)
இல்லை அப்பா, வேலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றுதான் பொருள். ரத்தம் கிடைக்காத தசை 20 நிமிடத்துக்கு மேல் போனால் சாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் அந்த இடம் முழுதும் போகிறது. அங்கே தழும்புதான் மிஞ்சும், தழும்பு சுருங்காது. எக்கோவில் நான் பார்ப்பது இதைத்தான். நிறைந்த ரத்தத்தில் பாதிக்குச் சற்று மேல், 55 முதல் 70 சதவீதம், ஒரு துடிப்பில் வெளியே போக வேண்டும். சிலருக்கு 30 தான் போகும். ரத்தம் குறைவாக வருவதைப் பார்த்துச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கிறது. காலில் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று டாக்டர்கள் கேட்பது இதனால்தான்.

தீபன் (9:28)
யாராவது நம் கண் முன்னால் நினைவில்லாமல் விழுந்தால்?

நளினி அக்கா (9:31)
கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டு ஏங்குகிறார் என்றால் உடனே ஆம்புலன்சை அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் அழுத்து. 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வரட்டும். ஷாக் கருவி வரும்வரை நிறுத்தாதே. விலா எலும்பு உடையலாம், பரவாயில்லை.

கண்ணன் சித்தப்பா (9:40)
📷 படம்
ரத்தப் பரிசோதனை. எல்டிஎல் 138. ஓரத்தில் டாக்டர் "70-க்குக் கீழ்" என்று எழுதியிருக்கிறார். நான் 40-ஐயே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவே இல்லை.

நளினி அக்கா (9:42)
இதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய எண். ரத்த அழுத்தத்தையும் வீட்டில் அளந்து எழுதி வையுங்கள். மாத்திரை ஆரம்பித்து எத்தனை நாள்?

கண்ணன் சித்தப்பா (9:43)
பத்து நாள். தசை வலி வரும் என்கிறார்களே?

நளினி அக்கா (9:45)
சிலருக்கு வரும். வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். இன்னும் ஆறு வாரம் கழித்துத் திரும்பவும் ரத்தம் பாருங்கள்.

மீனா சித்தி (9:46)
நாள்காட்டியில் குறித்துவிட்டேன். சிகரெட்டுப் பெட்டியையும் எடுத்துவிட்டேன்.

கண்ணன் சித்தப்பா (9:47)
அதை எங்கே வைத்தாய்?