ட்ராவலர்ஸ் ரெஸ்ட்: வெறும் புல்வெளியை லூயிஸ்-கிளார்க் முகாம் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

கேள்வி: வழிநடை

அனைவருக்கும் வணக்கம். கடந்த கோடையில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லோலோ என்னும் சிற்றூரை ஒட்டியுள்ள ட்ராவலர்ஸ் ரெஸ்ட் மாநிலப் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகியோர் தலைமையில் அமெரிக்க அரசு அனுப்பிய ராணுவ ஆய்வுப் பயணக் குழு, மேற்கு நோக்கிச் செல்லும்போது 1805 செப்டம்பர் 9 முதல் 11 வரையிலும், பசிபிக் கரையைக் கண்டு திரும்பும்போது 1806 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரையிலும் தங்கிய இடம் அது. அங்கே நான் கண்டவை ஓர் ஓடை, அதன் கரையில் மரங்கள், ஒரு புல்வெளி, சில தகவல் பலகைகள், அவ்வளவுதான்.

இதே குழு குளிர்காலத்தைக் கழித்த ஆரிகனின் ஃபோர்ட் கிளாட்சாப்பில் மரக்கோட்டைக்குள் நுழைந்து, படுக்கைப் பலகைகளைத் தொட்டுப் பார்க்க முடிந்தது. பாம்பீஸ் பில்லர் பாறையில் 1806 ஜூலை 25 அன்று கிளார்க் தம் கையால் செதுக்கிய பெயரை இன்றும் படிக்க முடிகிறது. இங்கோ கண்ணுக்குத் தெரிவது எதுவும் இல்லை. சுமார் முப்பது பேர் சில நாள்கள் கூடாரமடித்துத் தங்கிவிட்டுப் போன இடத்தை, இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு இதுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அத்தனை குறுகிய தங்கலுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மண்ணடுக்கு

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்று நீங்கள் சொல்லும் அந்த இடம்தான், அக்குழுவின் முகாம்களுள் மண்ணுக்கடியில் தடயம் கிடைத்த மிகச் சிலவற்றுள் ஒன்று. 1960-இல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோது, லோலோ ஓடை பிட்டர்ரூட் ஆற்றில் கலக்கும் இடமே முகாம் என்று கருதினார்கள். பயணக் குறிப்புகளை மட்டும் வைத்துச் செய்த கணிப்பு அது. பின்னர், உண்மையான இடம் ஓடையின் வழியே இன்னும் மேலே இருக்கிறது என்ற ஐயம் வலுத்து, 2002-இல் அகழாய்வு நடந்தது.

அதில் தீ மூட்டிய அடுப்புக்குழியும், வெப்பத்தில் வெடித்த கற்களும், உருகிச் சிந்திய ஈயமும் கிடைத்தன. துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்களே ஈயம் உருக்கி வார்த்துக்கொண்ட காலம் அது. நீல நிறப் பாசிமணி ஒன்றும் கிடைத்தது. ஆனால் ஈயமும் மணியும் பிற்காலத்து வணிகர் எவரும் விட்டுச் சென்றவையாக இருக்கலாம் என்று ஒருவர் வாதிட முடியும். வாதத்துக்கு வலுச் சேர்த்தது கழிப்புக்குழிதான். சமையல் தீயிலிருந்து எட்டத் தள்ளி, ராணுவ முகாம் ஒழுங்குக்கு ஏற்ற இடத்தில் தோண்டப்பட்டிருந்த அக்குழியின் மண்ணில் பாதரசத்தின் தடயம் தென்பட்டது.

பாதரசம் அங்கே எப்படி வந்தது என்பதற்கு அவர்களின் மருந்துப் பெட்டியே விடை. பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் பெயரில் வழங்கிய பேதி மாத்திரைகள் ஐம்பது டஜன், அதாவது 600, பயணத்துக்காக வாங்கப்பட்டன. அவற்றின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று காலமெல் என்னும் பாதரச உப்பு. உடல் அதைச் சிறிதளவே உறிஞ்சும், பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். மண்ணில் சேர்ந்த பாதரசம் எளிதில் அழிவதில்லை. மேகநோய்க்கும் (சிபிலிஸ்) அன்று பாதரசமே மருந்து. குட்ரிச், மக்நீல் என்ற இரு வீரர்கள் அந்நோயால் வருந்துவதாகவும், மிசூரி அருவிகளை அடைந்து ஓய்வு கொள்ளும்போது அவர்கள் தாராளமாகப் பாதரசம் உட்கொள்ளலாம் என்றும், இந்த முகாமில் இருந்தபடியே 1806 ஜூலை 2 அன்று லூயிஸ் எழுதியிருக்கிறார்.

தனித்தனியே பார்த்தால் இவற்றுள் எதுவும் முடிவான சான்று ஆகாது. குறிப்பேடு சொல்லும் இடம், அடுப்பு, ஈயம், ராணுவ முறைப்படி அமைந்த குழி, அதில் பாதரசம் என அத்தனையும் ஒரே இடத்தில் ஒன்றுகூடுவதுதான் வலிமை. இதன் பிறகே சின்னத்தின் எல்லையும் மாற்றி வரையப்பட்டது.

பதில்: பழைய வரைபடம்

மேலே உள்ள விளக்கம் மிகச் சிறப்பு. நண்பர் வழிநடைக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் தொட்டுப் பார்த்த கிளாட்சாப் கோட்டை இரண்டாவது மாதிரி. முதல் மாதிரியை 1955-இல் கட்டினார்கள், அது 2005 அக்டோபரில் எரிந்துபோயிற்று, இப்போதுள்ளது 2006-இல் கட்டி முடித்தது. கிளார்க் தம் குறிப்பேட்டின் எல்க் மான் தோல் அட்டையில் வரைந்த, பக்கத்துக்கு ஐம்பது அடி கொண்ட தளப்படமே அதற்கு ஆதாரம். அசல் கோட்டை அங்கே ஓயாது பெய்யும் மழையில் மக்கி மறைந்தது, அது நின்ற துல்லியமான இடத்தை உறுதிசெய்யும் தடயம் இன்றுவரை கிடைக்கவில்லை. மாதிரியைக் குறை சொல்வது என் நோக்கமன்று, குழந்தைகளை அழைத்துச் செல்ல அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆயினும் அவர்கள் உண்மையில் காலூன்றிய மண் எது என்று கேட்டால், நான் லோலோவின் புல்வெளியைத்தான் காட்டுவேன்.

தங்கல் குறுகியதே, ஆனால் அங்கே எடுத்த முடிவுகள் பெரியவை. 1805-இல் வழிகாட்டியாக வந்த ஷோஷோனி பழங்குடி முதியவர், அங்கிருந்து நான்கே நாளில் மிசூரி ஆற்றை அடைய ஒரு வழி உண்டு என்று தெரிவித்தார். அவர்களோ ஆற்றைப் பற்றிக்கொண்டே சுற்றி வந்ததில் ஐம்பது நாளுக்கு மேல் கழித்திருந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட மாலையில் லூயிஸின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. திரும்பி வரும்போது, 1806 ஜூலை 3 அன்று குழு இங்கேயே இரண்டாகப் பிரிந்தது. லூயிஸ் ஒன்பது வீரர்களோடு அந்தக் குறுக்கு வழியில் சென்றார், கிளார்க் மற்றவர்களோடு தெற்கே திரும்பி யெல்லோஸ்டோன் ஆற்றை நோக்கிச் சென்றார். அவர்கள் மீண்டும் சந்தித்தது ஆகஸ்ட் 12 அன்று. நீங்கள் பாறையில் கண்ட கிளார்க்கின் பெயர் இந்தப் பிரிவுக்கு இடையில் செதுக்கியதே.

பதில்: பிட்டர்ரூட்

இருவரும் சொல்லாமல் விட்ட ஒன்று. லூயிஸ் 'பயணியர் இளைப்பாறும் இடம்' என்று பெயர் சூட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே அது இளைப்பாறும் இடமாகத்தான் இருந்தது. அப்பகுதிப் பழங்குடிகளான சேலிஷ் மக்களும் நெஸ் பெர்ஸ் மக்களும் மலையைக் கடக்கும் தடம் அங்கே வந்து சேர்கிறது. 1806-இல் பனி மூடிய அம்மலைகளை ஆய்வுக்குழு கடந்து வந்ததும் நெஸ் பெர்ஸ் வழிகாட்டிகளின் துணையால்தான். 1877-இல், ராணுவம் துரத்த, அதே நெஸ் பெர்ஸ் மக்கள் அதே தடத்தில் குடும்பங்களோடும் குதிரைகளோடும் தப்பி வந்தார்கள். லோலோவுக்கு மேற்கே வீரர்கள் அமைத்த மரத்தடுப்பை அவர்கள் மலைச்சரிவில் ஏறிச் சுற்றிக் கடந்த இடம் இன்று ஃபோர்ட் ஃபிசில் என்று அழைக்கப்படுகிறது. பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த சேலிஷ் மக்களும் 1891-இல் வெளியேற்றப்பட்டார்கள். இவற்றை அறியாமல் அந்தப் புல்வெளியில் நின்றால் பாதிதான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று, அந்த முகாமிலிருந்து போன ஒரு பொருள் காய்ந்த பிறகும் உயிர்பெற்றது. 1806 ஜூலை 1 அன்று லூயிஸ் அங்கே பிட்டர்ரூட் என்னும் செடி ஒன்றை வேரோடு எடுத்து உலர்த்தி வைத்தார். தரையோடு தரையாக, இலைகளை மறைத்துக்கொண்டு இளஞ்சிவப்பாகப் பூக்கும் செடி, அதன் கசப்பான கிழங்கு சேலிஷ் மக்களின் உணவு. காய்ந்து கிடந்த அந்த வேர் பிறகு துளிர்க்கக் கண்டதால், தாவரவியலாளர் ஃபிரெடரிக் பர்ஷ் அதற்கு லூயிசியா ரெடிவைவா, அதாவது உயிர்த்தெழுந்தது, என்று பெயரிட்டார். இன்று அதுவே மொன்டானாவின் மாநில மலர்.

வழிநடை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கழிப்புக்குழி பற்றிய பலகையை நான் படிக்காமலே கடந்துவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், பிட்டர்ரூட் பூத்திருக்கும்போது மீண்டும் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். இம்முறை ஃபோர்ட் ஃபிசிலில் தொடங்கி, ஓடையோடு கீழே இறங்கி வந்து முகாமைப் பார்ப்பேன்.